யாழ்ப்பாண நேரத்தில் ஒரு பழி

வைதேகி வெப் புரோகிராமிங் படித்தது பழி வாங்குவதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது சிட்னியில் வெண்ட்வொர்த்வில் பக்கம் யாரைக் கேட்டாலும் வேறு கதை சொல்கிறார்கள். தொழில் படுத்த காலத்திலும் மனம் தளராமல், நாற்பது தாண்டிய பிறகு புதிதாகப் படித்து, இன்று பரமட்டாவில் வேலை பார்க்கும் சாதனைப் பெண்ணாம். போன மகளிர் தினத்தில் சால்வை வேறு போர்த்தினார்கள். விடாமுயற்சியாம், தன்னம்பிக்கையாம். மண்ணாங்கட்டி. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அவளைப் படிக்க வைத்தது ஆத்திரம். கலப்படமில்லாத ஆத்திரம்.

மெரிலேண்ட்ஸில் ஒரே அடுக்குமாடியில் அவள் கீழ்வீடு, நான் மேல்வீடு. அவள் யாழ்ப்பாணம், நான் திருச்சி. குடிவந்த புதிதில் கீழே கராஜிலிருந்து எந்நேரமும் கறக் கறக்கென்று சத்தம் வரும். என்ன கொலை நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தால், தலை முழுக்க வெள்ளைப் பொடியோடு ஒருத்தி மண்டியிட்டு உட்கார்ந்து யானை செதுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் தெர்மாகோல் என்பதை அவர்கள் றெஜிபோம் என்கிறார்கள். அதில் தூண், தோரணம், அன்னம், மயில் என்று வெட்டி, தேய்த்து, பொன்வண்ணம் பூசி, ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய மணவறை முழுவதையும் தனியாளாகச் செய்துவிடுவாள். 'தேவா மணவறை' என்று சிட்னித் தமிழர் மத்தியில் பெயர் பெற்றதெல்லாம் இவள் கை வேலைதான்.

தேவா என்பது தேவராஜா. வைதேகியின் அக்கா புருஷன், அவள் வாயில் அத்தான். வேன் அவருடையது, போன் அவருடையது, தொண்டை அவருடையது. மணவறையைக் கொண்டுபோய் இறக்குவார், மாப்பிள்ளை வீட்டாரோடு நின்று போட்டோ எடுப்பார், "எங்கட வேலை எப்பிடி?" என்று கேட்பார். அந்த 'எங்கட'வில் தானும் இருப்பதாகப் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

வட்டி ஏறியதும் எல்லாத் தொழிலும் சுருண்டது. வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் மண்டபத்தை விட்டுக் கொல்லைப்புறத்தில் கூடாரம் போட்டுக் கல்யாணத்தை முடித்தார்கள். சாமத்தியவீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டுக்கு, ஹெலிகாப்டரில் பிள்ளையை இறக்கிய சனம், கேக் வெட்டிப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதோடு நிறுத்திக்கொண்டது. நான் வேலை பார்த்த சேலைக்கடையிலும் என் நாட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தேவராஜா ஒருநாள் வந்து, "கொஞ்ச நாளைக்கு நீ வீட்டில இரு, வேலை வந்தாக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவளும் தலையாட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். "இந்த மணவறைக்குத் தோதா ஒரு சீலை எடுத்துக் காட்டுங்கோ" என்று போனை நீட்டினார். தேவராஜாவின் புது வெப்சைட். வைதேகியின் அன்னம், வைதேகியின் யானை, ஆறு தூண் மயில் மணவறை, எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே பொன்னெழுத்தில், 'வடிவமைப்பு: தேஜஸ்வினி தேவராஜா'. தேஜஸ்வினி அவர் மகள். யுனிவர்சிட்டியில் கணினி படிக்கிறாள், நல்ல பெண். ஆனால் பிரஷ்ஷைப் பல் தேய்க்கத் தவிர அவள் தொட்டதில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த அம்மாவுக்கு எந்தச் சேலையைக் காட்டினேன் என்றே நினைவில்லை.

வைதேகியிடம் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தாள், திருப்பித் தந்தாள், கார் சாவியை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் வந்து சொன்னபடியே சொல்கிறேன்.

"வாற சனத்துக்கு ஒரு முகம் வேணும் வைதேகி. படிச்ச பிள்ளையின்ர முகம் எண்டா நாலு பேர் நம்புவினம். நீ உதவிக்கு வந்தனீதானே?" என்றாராம் தேவராஜா.

"உதவிக்கோ?"

"உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதே நான். யார்ட பேர் இருந்தா உனக்கென்ன?"

அக்கா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாராம். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

'உதவி' என்ற அந்தச் சொல்தான் அவளைக் கொன்றது. திருடன் என்றுகூட ஒருவனை மன்னிக்கலாம். நம் பொருளை எடுத்துக்கொண்டு நம்மையே கூலிக்காரி என்கிறவனை எப்படி மன்னிப்பது? அவள் புருஷன் ரூபன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், சாது. "அக்காட முகத்துக்காக விடும்" என்றார். அவர் முகத்தையும் அவள் ஒரு வாரம் பார்க்கவில்லை.

மறுநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "யாமினி, வெப்சைட்டை எப்பிடி உடைக்கிறது?"

"கல்லால அடிச்சா உடையாதுங்க" என்றேன்.

"பகிடி விடாதையும். படிக்கலாமோ இல்லையோ?"

அப்படித்தான் பரமட்டாவில் ஒரு மாலை வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். எனக்கும் பாதி வேலை போயிருந்தது, வேறு பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. மற்ற மாணவர்கள் ஏன் வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வளர்ச்சி, வாய்ப்பு, கனவு. வைதேகி முறை வந்ததும், "குடும்பப் பிரச்சினை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதல் வாரமே பொம்மைக் கடையில் புகுந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். பிரவுசரில் எந்தப் பக்கத்தையும் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்துகளை நாமே மாற்றிப் பார்க்கலாம் என்று ஆசிரியர் காட்டினார். இவள் வீட்டுக்கு வந்து தேவராஜாவின் பக்கத்தைத் திறந்தாள். தேஜஸ்வினி தேவராஜாவை அழித்தாள். 'வைதேகி ரூபன்' என்று அடித்தாள். திரையில் வந்துவிட்டது! அவள் போட்ட கூச்சலில் நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். ரூபன் சவரம் பாதியில் நுரையோடு ஓடி வந்தார். "பாருங்கோ! அவற்ற வெப்சைட்டில என்ர பேர்!" குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு ரூபன் தன் போனில் பார்த்தார். அங்கே பழைய பெயரே இருந்தது. அவள் மாற்றியது அவள் திரைக்கு மட்டுந்தான். பக்கத்தை மறுபடி திறந்தபோது அதிலும் போய்விட்டது. அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து எனக்கும் தேவராஜாவைக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

அடுத்தவர் வெப்சைட்டில் புகுந்தால் போலீஸ் வரும் என்று ஆசிரியர் எச்சரித்துவிட்டார். "சொந்தமாகக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் நல்லது" என்றார். சரி, கட்டியே கவிழ்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். பக்கத்தை அழகாக அடுக்குவது அவளுக்குச் சுலபமாக வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்தான் பேயாட்டம் ஆடியது. பிழை வரும்போதெல்லாம் திரையைப் பார்த்து, "வாங்கோ அத்தான்" என்பாள். பிழையைத் திருத்தியதும், "போங்கோ அத்தான்." நான் நடுவிலேயே கழன்றுகொண்டேன். எனக்கு அத்தனை கோபம் போதவில்லை போலும்.

ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அவள் தளம் வந்துவிட்டது. 'வைதேகி மணவறை'. தன் போனில் இருந்த படங்களைப் போட்டாள். யாரும் செய்யாத ஒன்றையும் செய்தாள். சுபநாள் பார்க்கும் பக்கம். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் அதில் தேதியைத் தட்டினால் நல்லநேரம், இராகுகாலம் எல்லாம் காட்டும். பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தது என்பதால் அந்தத் தளத்தின் கடிகாரத்தையும் யாழ்ப்பாண நேரத்திலேயே ஓட விட்டிருந்தாள்.

சில வாரம் கழித்து தேவராஜாவின் பக்கத்தை வழக்கம்போல் சபித்துக்கொண்டே திறந்தாள். அவளுடைய புதுப் படங்கள் அத்தனையும் அங்கே! பக்கத்தை அப்படியே சுருட்டி எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். நான் கத்த ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை. உள்ளே இருந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"யாமினி, அத்தான் ஆக்கள் படத்தைக் கொப்பி எடுக்கேல்லை. என்ர தளத்தில இருக்கிற படத்தைத்தான் தங்கட பக்கத்தில காட்டுகினம். நான் இஞ்ச படத்தை மாத்தினா, அங்கயும் மாறும்."

"கழுதைப் படம் போடுங்க" என்றேன் உடனே. "இல்ல, கழுதைக்கு அவர் தலைய வெச்சு."

"பொறும். இதுக்கு நாள் பாக்கோணும்."

சத்தியமாகச் சொல்கிறேன், பஞ்சாங்கத்தைத் திறந்து பழி வாங்க நல்லநேரம் பார்த்தாள். பிப்ரவரியில் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் தமிழ்க் கல்யாணக் கண்காட்சி. தேவராஜாவின் ஸ்டால் உண்டு, பெரிய டிவியில் வெப்சைட்டைச் சுழல விடுவார். ஞாயிறு காலை பதினொரு மணி சுபம். அப்போது அவர் தனியாக நிற்பார், தேஜஸ்வினி மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள் என்று அக்கா மூலம் தெரிந்தது. பிள்ளை மீது துளியும் படக்கூடாது என்பதில் வைதேகி குறியாக இருந்தாள். பதினொரு மணிக்குப் படங்கள் தானாக மாறும்படி எழுதி வைத்தாள். அந்த நேரம் தான் வெறுங்கையோடு அவர் முன்னால் நின்று முகத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: "என் வீட்டுச் சுவரில் என் படத்தை நான் மாற்றினால் போலீஸ் வருமா?" வராது என்றார் அவர்.

ஞாயிறு பதினொரு மணி. ஸ்டாலுக்கு எதிரே நாங்கள். தேவராஜா பட்டு வேட்டியில், கழுத்தில் சங்கிலியோடு நின்று டிவியைக் காட்டி வாய் ஓயாமல் பேசினார். படம் மாறவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவர் எங்களைப் பார்த்து, "வைதேகி, வந்தனியே? அங்க கதிரையளை ஒருக்கா அடுக்கி விடன்" என்றார். அவள் முகம் செத்துப்போனது. போய் நாற்காலிகளை அடுக்கவும் செய்தாள்! பக்கத்து ஸ்டால் ஹாஜா மைதீன், வட்டிலப்பமும் ரோல்ஸும் விற்கிற கேட்டரிங்காரர், "என்ன தங்கச்சி, சுகமில்லையா?" என்று ஒரு ரோல்ஸைக் கையில் திணித்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு எரிச்சல். இத்தனை படித்தும் ஒரு கழுதைப் படம் வரவில்லையே!

மாலையில் மேடை. ஒவ்வொரு ஸ்டால்காரரும் பெரிய திரையில் தங்கள் வேலையைக் காட்ட வேண்டும். தேவா மணவறையின் முறை வந்தபோது மணி நாலரை. தேஜஸ்வினி நீலச் சேலையில் மேடையேறினாள், பக்கத்தில் அப்பா மைக்கோடு. "இது என்ர மகள் டிசைன் பண்ணினது" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பக்கத்தைத் தட்டினாள்.

திரை முழுக்க வைதேகி.

கராஜில் மண்டியிட்டிருக்கும் வைதேகி. தலையில் வெள்ளைப் பொடி, வாயில் கத்தி, மடியில் யானைத் தும்பிக்கை. அடுத்ததில் பாதி பூசிய தூணைக் கட்டிப்பிடித்தபடி வைதேகி. எல்லாம் ரூபன் எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் 'இதைச் செய்தவர் வைதேகி' என்று எழுதியிருந்தது.

வைதேகி என் கையை இறுக்கினாள். "ஐயோ! தளத்தின்ர மணி யாழ்ப்பாண நேரமெல்லோ! அங்க இப்பத்தான் பதினொண்டு!" அங்கே சுபநேரம். சிட்னியில் ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் ஆரம்பம். எல்லாக் கண்ணும் மேடையில் நின்ற பிள்ளை மேல்.

தேவராஜா சிரித்துச் சமாளித்தார். "பிள்ளை ஏதோ மாறி அமத்திப் போட்டாள்." பிறகு மகள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "மூளையில்லாததே! ஒரு வெப்சைட்டைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாது!" மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

வைதேகி சும்மா இருந்திருக்கலாம். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மேடைப்படி ஏறிவிட்டாள்.

"அவளை ஏசாதேங்கோ. படத்தை மாத்தினது நான். அந்த மணவறையளைச் செய்ததும் நான்."

"இறங்கு கீழ. வீட்டில கதைப்பம்" என்றார் தேவராஜா.

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள். "சித்தி, உங்கட பேர் போட்டாக் கண்ணூறு படும், நீங்கதான் வேண்டாம் எண்டனீங்கள் எண்டு அப்பா சொன்னார். ஐ ஆஸ்க்ட் ஹிம் ட்வைஸ்."

வைதேகி தேவராஜாவைப் பார்த்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன், அறையட்டும் என்றும் நினைத்தேன். அவள் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

"கண்ணூறு பட்டாப் படட்டும்" என்றாள் மண்டபத்தைப் பார்த்து. "என்ர பேர் வைதேகி."

கைதட்டலெல்லாம் இல்லை. முன்வரிசை அன்ரிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எங்கோ ஒரு குழந்தை அழுதது, அறிவிப்பாளர் அவசரமாக அதிர்ஷ்டக் குலுக்கலுக்குப் போனார். ஆனால் தேவராஜா மேடையை விட்டு இறங்க வழி தெரியாமல் திரைக்கு முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவர் வேட்டியில், சட்டையில், நெற்றியில் எல்லாம் வைதேகியின் படம் விழுந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த சந்தோஷமான காட்சிகளில் அதற்கு இரண்டாம் இடம். முதலிடத்துக் காட்சி கடைசியில் வரும்.

மணவறை கேட்டு யாரும் வரவில்லை. தொழில் படுத்தது படுத்ததுதான். ஹாஜா மைதீன்தான் முதலில் வந்தார். "எனக்கும் ஒரு வெப்சைட் செஞ்சு தா தங்கச்சி. ஒருத்தனும் என் படத்தைக் களவெடுக்க ஏலாத மாதிரிப் பூட்டியும் தா" என்றார். பிறகு ஒரு அழகு நிலையம், ஒரு டிரைவிங் வாத்தியார். கடைகள் படுக்கப் படுக்க எல்லோருக்கும் வெப்சைட் தேவைப்பட்டது. அவற்றைக் காட்டித்தான் பரமட்டா வேலை கிடைத்தது. தேஜஸ்வினி அப்பாவின் தளத்தை அன்றே அழித்துவிட்டு, இனி அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். சித்தி வீட்டுக்கு அடிக்கடி வருகிறாள். அக்கா மட்டும் வரவில்லை. அந்த வலி வைதேகிக்கு இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் போனைப் பார்ப்பாள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார், கையில் இடியப்பப் பார்சலோடு. நானும் அங்கே இருந்தேன். வைதேகி எழுந்தோடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். தேநீர் குடித்தபின் அக்கா மெல்ல ஆரம்பித்தார்.

"அவருக்கு இப்ப ஒரு வேலையும் வருதில்லை. வெப்சைட்டும் இல்லை. நீ ஒண்டு செய்து குடுத்தாயெண்டா… அவர்தான் கேட்டு விட்டவர்."

அடேயப்பா என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. வைதேகி என்னைப் பார்வையால் அடக்கினாள். "செய்து தாறன் அக்கா. என்ன போடோணுமாம்?"

"முந்தின படங்கள் இருக்குதானே. அதுகளைப் போட்டாக் காணும் எண்டவர்."

திருந்தவேயில்லை, பாருங்கள். இத்தனைக்குப் பிறகும். வைதேகி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். அக்கா இடியப்பத்தைத் தட்டில் எடுத்துவைத்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைப் பக்கம். நடுவே பெரிய பொன்னெழுத்தில் 'தேவராஜா' என்ற பெயர். அதன் கீழே அவர் போன் நம்பர். எழுத்து அத்தனை அழகு. பெயரைச் சுற்றி மெல்லிய கோடு வேறு.

அக்கா விரலால் கீழே தள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மேலே தள்ளிப் பார்த்தார். "மிச்சம் எங்கயடி?"

"அவ்வளவுதான் அக்கா" என்றாள் வைதேகி, இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே. "அத்தான் தன்ர கையால செய்ததெல்லாம் அதில இருக்கு."